ப்ரேக்கர் விழுந்தால் பெரியதாக மாற்றாதீர்கள்
சோலார் வேலைக்குப் போகும் வயர்மேன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வயர்மேன் தோழர்களே,

2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்குப் பிறகு நம் ஊர்த் தெருக்களில் மாடிக்கு மாடி பேனல் ஏறிவிட்டது. மாட்டிக் கொடுத்த கம்பெனி ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒன்று என்றால் வீட்டுக்காரர் போன் போடுவது உங்களுக்குத்தான். அந்தப் போனில் அதிகம் வரும் புகார் ஒன்றுதான்: “தம்பி, சோலார் பாக்ஸ்ல எம்சிபி அடிக்கடி விழுது, கொஞ்சம் வந்து பாருங்க.”

போகிறீர்கள். தூக்கிவிட்டால் நிற்கிறது. மறுநாளும் விழுகிறது. மூன்றாவது முறை, 16 ஆம்ப்ஸைக் கழற்றிவிட்டு 32 போடுகிறீர்கள். பிறகு விழுவதில்லை. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், உங்களுக்கும் கூலி வந்தது. ஆனால் உள்ளே இருந்த கோளாறு அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருளைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள். காய்ச்சல் இறங்கவில்லை என்று தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை இது. இதை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எப்ப விழுது?” உச்சி வெயிலிலா, விடியற்காலையிலா, மழைக்குப் பிறகா, மோட்டார் போடும்போதா, கரண்ட் போய் வரும்போதா? தூக்கிய உடனே விழுகிறதா, ஒரு மணி நேரம் நின்று விழுகிறதா? பாதிக் கோளாறு இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். ஒரு எம்சிபிக்குள் இரண்டு காவல் இருக்கிறது. சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை ஒன்று. அது நிதானமாக வேலை செய்யும். காந்தச் சுருள் ஒன்று. ஷார்ட் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். தூக்கிய உடனே விழுந்தால் காந்தம் பேசுகிறது, ஷார்ட்டைத் தேடுங்கள். நின்று நிதானமாக விழுந்தால் பட்டை பேசுகிறது, ஓவர்லோடையும் சூட்டையும் தேடுங்கள். பட்டை விழவைத்த எம்சிபி ஆறும்வரை மறுபடி நிற்காமலும் போகலாம். சிலர் லீவரை விரலால் அழுத்திப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். பலன் இல்லை. லீவரைப் பிடித்திருந்தாலும் உள்ளே காண்டாக்ட் திறந்துவிடும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது.

உச்சி வெயிலில் விழும் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதுதான் அதிகம்.

மூன்று கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர். 3000-ஐ 230-ஆல் வகுத்தால் 13 ஆம்ப்ஸ். ஏசி பாக்ஸில் சி-16 எம்சிபி. காகிதத்தில் பார்த்தால் மூன்று ஆம்ப்ஸ் மிச்சம். ஆனால் ஐஇசி 60898 தரத்தில் அந்த 16 என்பது 30 டிகிரி சுற்றுச்சூட்டுக்கு எழுதிய எண். அந்தச் சூட்டில், எழுதியதுபோல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும். இப்போது மே மாதம் மாடிக்குப் போய் அந்தப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். மேற்குச் சுவரில், நிழலே இல்லாமல், மூடிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 55, 60 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் 16 ஆம்ப்ஸ் எம்சிபி 14-க்கும் கீழே இறங்கிவிடலாம். பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் இன்னும் இரண்டு எம்சிபி ஒட்டியிருந்தால் இன்னும் இறங்கும். வீட்டில் மிக்ஸி ஓடுவதுபோல ஐந்து நிமிடம் ஓடி நிற்கிற கரண்ட் இல்லை இது. பகல் பத்திலிருந்து மூன்று வரை விடாமல் ஓடுகிற கரண்ட். ஆகவே ஒரு மணிக்கு விழுகிறது, சாயங்காலம் தூக்கினால் நிற்கிறது. எம்சிபியில் குறையே இல்லை.

இங்கே 20 அல்லது 25 போடுவதுதான் சரியான வைத்தியமாக இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்ட பிறகு. இன்வெர்ட்டர் லேபிளில் உள்ள அதிகபட்ச அவுட்புட் கரண்டை 1.25-ஆல் பெருக்குங்கள். அந்தக் கரண்டை உங்கள் வயர் தாங்குமா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் மேனுவலில் அதிகபட்சம் எத்தனை ஆம்ப்ஸ் ப்ரேக்கர் என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் வயருக்கு முன்னால் 32 போட்டால், இனிமேல் உருகிக் காக்கப்போவது அந்த வயர்தான். கூடவே பாக்ஸை நிழலுக்கு நகர்த்துங்கள். எம்சிபிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். பல வீடுகளில் அது ஒன்றே போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். “சோலார் ட்ரிப் ஆகுது” என்று வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் ப்ரேக்கர் விழுவது ஆகாது. லைன் வோல்டேஜ் மதியம் ஏறிப்போனால் இன்வெர்ட்டரே தன்னைத் துண்டித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் அப்படித்தான். எம்சிபி எல்லாம் மேலேயே இருக்கும். முதலில் லீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பிறகு டிஸ்பிளேயில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

இனி டிசி பக்கம். வீட்டு வயரிங்கில் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.

540 வாட் பேனல் ஆறு, ஒரே ஸ்ட்ரிங். ஓப்பன் சர்க்யூட்டில் ஏறத்தாழ 300 வோல்ட் டிசி. ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 14 ஆம்ப்ஸுக்கு அருகில். அந்தப் பேனல் வெயிலில் சாதாரணமாக வேலை செய்யும்போதே 13 ஆம்ப்ஸ் கொடுக்கிறது. ப்ளஸ்ஸையும் மைனஸையும் நேராகச் சேர்த்து ஷார்ட் செய்தாலும் அது 14-ஐ ஒட்டியே நிற்கும். அப்படியானால் 20 ஆம்ப்ஸ் டிசி எம்சிபி ஷார்ட்டில் விழுமா? விழாது. ஒற்றை ஸ்ட்ரிங்கில் அந்த எம்சிபி ஒரு சுவிட்சாகத்தான் இருக்கிறது. ஆகவே அது விழுகிறது என்றால் “பேனல் ஓவர்லோடு ஆயிடுச்சு” என்று சொல்லிவிடாதீர்கள். காரணம் வேறு எங்கோ இருக்கிறது: சைஸ் போதாத எம்சிபி சூட்டில் தளர்ந்திருக்கிறது, டெர்மினல் லூஸாக இருக்கிறது, அல்லது இணையாகச் சேர்த்த வேறு ஸ்ட்ரிங்குகளிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ கரண்ட் திரும்பி வருகிறது. மழை விட்டு, கிழிந்த மேகத்துக்கு நடுவே வெயில் சுள்ளென்று அடிக்கும் நிமிடங்களில் பேனல் தன் லேபிளில் உள்ளதைவிடக் கூடுதலாகவே ஆம்ப்ஸ் கொடுக்கும். 14-க்கு 16 போட்ட பாக்ஸ் அப்போது விழலாம்.

லூஸ் டெர்மினலைப் பிடிப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் தீ வைக்கும் கோளாறு. பாக்ஸைத் திறந்ததும் தொடாமல் பாருங்கள். சிவப்பு வயரின் நுனியில் இன்சுலேஷன் பழுப்பாகிக் கெட்டித்திருக்கிறதா? எம்சிபியின் ஒரு மூலை மட்டும் மஞ்சளடித்திருக்கிறதா? பிளாஸ்டிக் கருகிய வாசனை உண்டா? பிறகு வெயில் நன்றாக இருக்கும்போது, சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1000 வோல்ட்டுக்குத் தகுதியுள்ள மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கையுறையோடு, ஒரு போலின் மேல் திருகிலும் அதே போலின் கீழ்த் திருகிலும் முனைகளை வையுங்கள். ப்ளஸ் போலிலும் மைனஸ் போலிலும் ஓடுவது ஒரே கரண்ட்தான். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டும். ஒன்றில் 0.05 வோல்ட், இன்னொன்றில் 0.4 என்றால் உங்கள் திருடன் அங்கே இருக்கிறான். 13 ஆம்ப்ஸ் ஓடும் இடத்தில் 0.4 வோல்ட் விழுந்தால் ஐந்து வாட்டுக்கு மேல் அந்த ஒரே புள்ளியில் சூடாகிக்கொண்டிருக்கிறது, நாள் முழுக்க. அந்தச் சூடு உள்ளே பட்டையை வளைக்கிறது, ப்ரேக்கர் விழுகிறது. பெரியதாக மாற்றினால் ப்ரேக்கர் நிற்கும், சூடு நிற்காது.

பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் முறையாக அணைத்த பிறகு திருகைத் தொடுங்கள். அரைச் சுற்றுச் சுற்றும். சோலார் கேபிள் மெல்லிய பல இழைகள் கொண்டது. அப்படியே சொருகி முறுக்கினால் இழைகள் நாளடைவில் படிந்து திருகு தளர்ந்துவிடும். ஃபெருல் போட்டுக் கிரிம்ப் செய்து சொருகுங்கள். கருகிய நுனியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிடுங்கள். ஒருமுறை கருகிய எம்சிபியைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள்.

அடுத்தது, ஏசி எம்சிபியை டிசி பக்கம் போடுவது. “கரண்ட் கரண்ட்தானே அண்ணே” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி, நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. காண்டாக்ட் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் தானாக அணைய வழி இருக்கிறது. டிசிக்குப் பூஜ்யமே கிடையாது. 300 வோல்ட்டில் திறந்த காண்டாக்ட்டுக்கு நடுவே பொறி நின்று எரியும். அதை இழுத்து நீட்டிக் குளிரவைத்து அணைக்க டிசி ப்ரேக்கருக்குள் தனி அறையும் பலவற்றில் நிலைக்காந்தமும் வைத்திருக்கிறார்கள். அதனால் எம்சிபியின் முகத்தைப் படியுங்கள். டிசி என்றும் எத்தனை வோல்ட் என்றும் எழுதியிருக்க வேண்டும். அந்த வோல்ட் உங்கள் ஸ்ட்ரிங்கின் குளிர்காலைக் கணக்கைத் தாங்க வேண்டும். ஒரு டிகிரி குளிருக்கு 0.3 சதவீதம் அளவுக்குப் பேனல் வோல்டேஜ் ஏறும். ஊட்டியில் ஐந்து டிகிரி காலையில் அந்த 300 வோல்ட் 315-ஐத் தாண்டும்.

நிலைக்காந்தம் உள்ள டிசி எம்சிபியில் ப்ளஸ், மைனஸ் குறி இருக்கும். குறி இருந்தால் திசை முக்கியம். மாற்றிக் கொடுத்தால் காந்தம் பொறியை அறைக்குள் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. லோடில் இறக்கும் அன்றைக்கு உள்ளேயே எரியும். எந்த முனையில் பேனல், எந்த முனையில் இன்வெர்ட்டர் என்பதை அதன் படத்தைப் பார்த்தே கொடுங்கள். இதே காரணத்தால் பேட்டரி லைனுக்குத் திசைக்குறி உள்ள ப்ரேக்கர் ஆகாது. அங்கே சார்ஜ் ஆகும்போது ஒரு பக்கமும் லோடு எடுக்கும்போது மறு பக்கமும் கரண்ட் ஓடுகிறது. இரு திசைக்கும் ஆன டிசி ப்ரேக்கரோ, தகுதியான ஃபியூஸோதான் வேண்டும்.

பேட்டரி என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். ஆயிரம் வாட் லோடு போட்டால், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து நூறு ஆம்ப்ஸுக்குப் பக்கத்தில் ஓடும். அங்கே வீட்டு 63 ஆம்ப்ஸ் எம்சிபியைப் போட்டுவிட்டு “கிரைண்டர் போட்டா விழுது” என்றால் அது சரியாகத்தான் விழுகிறது. வோல்ட் குறைவு என்று அலட்சியம் வேண்டாம். ஸ்பேனர் ஒன்று குறுக்கே விழுந்தால் அந்தப் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்ப்ஸ் தள்ளும். லித்தியம் அதற்கும் மேல். ஆகவே ஆம்ப்ஸோடு, எத்தனை கிலோ ஆம்ப்ஸ் ஷார்ட்டை அது உடைக்கும் என்பதையும் பாருங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பேட்டரி ப்ரேக்கரைத் தூக்கும் நொடியில் மட்டும் ‘டப்’ என்று விழுந்து, இரண்டாம் முறை நின்றுவிட்டால், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் சார்ஜை ஒரே மூச்சில் இழுத்திருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டர் வழியாக முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தூக்குவது அதற்கு வழி. ஒவ்வொரு முறையும் விழுந்தால் இன்வெர்ட்டரின் உள்ளே ஷார்ட்டா என்று பார்க்கவேண்டும்.

விடியற்காலையிலும் மழைக்குப் பிறகும் விழுவது பெரும்பாலும் ஆர்சிசிபி. அது ஓவர்லோடைப் பார்ப்பதில்லை. ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. 30 மில்லி ஆம்ப்ஸ் குறைந்தால் தட்டிவிடும். பனியில் நனைந்த எம்சி-4 கனெக்டர், கிளாம்பில் உரசித் தோல் போன டிசி கேபிள், தண்ணீர் புகுந்த ஜங்ஷன் பாக்ஸ் இவற்றில் கசிவு ஓடி, பத்து மணிக்கு வெயில் காய்ந்ததும் சரியாகிவிடும். இன்வெர்ட்டரும் அந்த நேரத்தில் இன்சுலேஷன் குறைவு என்று காட்டும். மத்தியானம் போய்ப் பார்த்து “ஒண்ணும் இல்லீங்க” என்று திரும்பாதீர்கள்; ஈரம் இருக்கும்போது போங்கள். மெகர் போடும் முன் இன்வெர்ட்டரையும் எஸ்பிடியையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை கெட்டுப்போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர் கோளாறே இல்லாமலும் கொஞ்சம் கசிவு காட்டும். இன்வெர்ட்டர் லைனுக்கு 100, 300 மில்லி ஆம்ப்ஸில் எது என்று மேனுவல் சொல்கிறதோ அதைப் போடுங்கள். ஆனால் வீட்டுப் பிளக் பாயிண்டுக்குக் காவலாக இருக்கும் 30 மில்லி ஆம்ப்ஸில் கை வைக்காதீர்கள். அது ஆளைக் காக்க இருக்கிறது.

மழையே இல்லை, ஆனாலும் ஆர்சிசிபி நிற்கமாட்டேன் என்கிறதா? நியூட்ரலைப் பாருங்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் நேர் லைன் நியூட்ரலையும் ஏதோ ஒரு சுவிட்ச் போர்டில் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபிக்கு அது கசிவுதான். எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் விழுகிறதே என்று குழம்பவேண்டாம். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல்–எர்த் கோளாறு அப்படியே இருக்கும். நியூட்ரல் பாரில் ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் அதைப் பிடிக்க முடியும்.

இடி இடித்த மறுநாள் விழுந்தால் எஸ்பிடியின் ஜன்னலைப் பாருங்கள். பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தால் அது தன் உயிரைக் கொடுத்துவிட்டது, மாற்றுங்கள். எர்த் சரியில்லாமல் புது எஸ்பிடி போட்டுப் பயனில்லை.

விழாத ப்ரேக்கரையும் நம்பாதீர்கள். சி-20 எம்சிபி காந்தத்தில் உடனே விழ நூறு முதல் இருநூறு ஆம்ப்ஸ் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஒரு கேவிஏ இன்வெர்ட்டர் முழு லோடில் கொடுப்பதே நாலு ஆம்ப்ஸுக்குச் சற்று மேல். ஷார்ட்டிலும் அதன் சில மடங்குதான். ஆகவே அறையில் ஷார்ட் ஆனால் எம்சிபி அசையாது, இன்வெர்ட்டர்தான் நின்றுவிடும். எல்லா லீவரும் மேலே இருக்கிறதே என்று இன்வெர்ட்டரைச் சந்தேகிப்பீர்கள். லைன் கரண்ட் வந்ததும் அதே எம்சிபி படாரென்று விழும். கோளாறு முதலிலிருந்தே வயரில்தான் இருந்தது.

கடைசியாக, உங்கள் உயிர். பேனலுக்கு மெயின் சுவிட்ச் கிடையாது. வெயில் இருக்கும்வரை அதில் வோல்டேஜ் இருக்கும். வேலை செய்யும்போது முதலில் ஏசியை இறக்குங்கள். இன்வெர்ட்டர் நின்றதும் டிசியில் ஓட்டம் நின்றுவிடும். பிறகு டிசி ஐசொலேட்டர். பிறகு டிசி கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்துவிட்டே எம்சி-4ஐக் கழற்றுங்கள். சாதாரண ஏசி கிளாம்ப் மீட்டர் டிசியில் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். டெஸ்டரும் அங்கே சாட்சி ஆகாது. இன்வெர்ட்டர் மூடியைத் திறக்கும் முன் அதில் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருங்கள்.

இதற்கெல்லாம் யார் கூலி தருவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லீவரைத் தூக்கிவிட்டால் கொடுக்கும் அதே பணத்தைத்தான் ஒரு மணி நேரம் தேடினாலும் பலர் கொடுக்கிறார்கள். கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்கப்படாமல் வாங்குங்கள். வாங்கிய பிறகு பாக்ஸின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்தத் தேதி, எது விழுந்தது, என்ன காரணம், என்ன அளவு வந்தது, என்ன மாற்றினீர்கள். அடுத்து வருகிறவர் உங்கள் போட்டியாளராகவே இருந்தாலும் அந்தத் தாள் அந்த வீட்டைக் காக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். காரணம் தெரியாமல் எந்த ப்ரேக்கரையும் பெரியதாக மாற்றாதீர்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால், காரணம் தெரியும்வரை அந்த லைனை அணைத்தே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் சோலார் ஓடாவிட்டால் போவது சில யூனிட்தான்.

அன்புடன்,
உங்களில் மூத்த வயர்மேன் ஒருவன்